அண்ணனின் சீழ்க்கை

எங்கள் குழுவுக்கு நாங்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. "மூணு பிளக்" என்று ஜனங்கள் கிண்டலாக வைத்ததுதான் நிலைத்தது. அண்ணன், நான், என் கணவர். ரேடியோ ரிப்பேர் கடையின் பின்னறையில், அண்ணன் தன் கையால் பற்றவைத்த சின்தசைசர்கள் என்ற மின்னிசைப் பெட்டிகளோடு தொடங்கினோம். முதல் கச்சேரி முடிந்ததும் ஒரு பத்திரிகை, ஃபிரிட்ஜ் ரிப்பேரானால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அதை மேடையேற்றாதீர்கள் என்று எழுதியது. பல வருஷம் கழித்து அதே பத்திரிகை எங்களை முன்னோடிகள் என்றது. வெட்கங்கெட்டவர்கள்.

எங்கள் அடையாளமே அண்ணனின் சீழ்க்கைதான். வாயால் அடிப்பதில்லை, அவர் பெட்டியின் குமிழைத் திருகி வரவழைக்கிற சத்தம். என் தாளத்துக்கும் கணவரின் கனத்த அடிச்சத்தத்துக்கும் மேலே நூல் மாதிரி மெலிசாக ஓடும். எத்தனையோ பேர் காப்பியடித்துப் பார்த்தார்கள். அண்ணன் கை வைத்தால்தான் அதற்கு உயிர் வரும்.

குழுவில் ஒரே ஒரு சட்டம்: ஒருவர் குமிழை இன்னொருவர் தொடக்கூடாது. எவ்வளவு சண்டை வந்தாலும் அதை மீறியதில்லை. நாங்கள் பிரியாமல் இருந்ததே அதனால்தான்.

இப்போது அந்தச் சட்டம்தான் கழுத்தை நெரித்தது. அண்ணனுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. பேச்சு கேட்கும், கீச்சுச் சத்தங்கள் கேட்காது. சீழ்க்கை போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போனார். போன கச்சேரியில் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இனி மேடை கிடையாது என்று அரங்கத்து மேனேஜர் என்னிடம் சொல்லிவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். ஜனங்களுக்கு ரசனை போனதற்கு நான் ஏன் டாக்டரிடம் போகணும் என்று எரிந்து விழுந்தார். மேடையும் இல்லையென்றால் அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது?

நேற்று ஒத்திகை முடிந்து அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில், கணவர் அண்ணனுடைய பெட்டியின் பின்பக்கத்து வயரைக் கழற்றிவிட்டார். குமிழ் சுற்றும், விளக்கு எரியும், சத்தம் வெளியே வராது. நான் தடுக்கவில்லை. பாதியில் கண்டுபிடித்து அண்ணன் எங்களைக் கிழிகிழியென்று கிழிப்பார், சீழ்க்கை இல்லை என்பதாவது அவருக்குத் தெரியும் என்று ஒரு நப்பாசை.

இன்று கச்சேரியில் ஒருவரும் எழுந்து போகவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. சீழ்க்கை இல்லாத எங்கள் இசை, தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு குமிழை ஒரு மயிரிழை கூட்டினார், ஒரு மயிரிழை குறைத்தார். ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார்.

கைதட்டல் அடங்கியதும் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, இன்னைக்குத்தான் சீழ்க்கை கச்சிதமா உக்காந்துச்சு. எனக்கே புல்லரிச்சிடுச்சு."

கணவர் தரையில் கிடந்த வயர்களைச் சுருட்டக் குனிந்தார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, உனக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுண்ணா."

அண்ணனுக்கு அது போதும். இனி எப்போதும் இதே அளவுதான் என்று சொல்லி, குமிழ் அசையாதபடி அதன்மேல் செல்லோடேப்பை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்திவிட்டார்.