தட்டைத் தொடாதே

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவனுக்குக் கடையில் எல்லோரும் வைத்த பெயர் தாளம். லென்ஸின் விளிம்பை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் இடது கை விரல்கள் மேசையைத் தட்டும். வாய் முணுமுணுக்கும். முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா தாளம், பெரியவரோட கண்ணாடியையும் தாளத்தோட பண்ணிடாதே. படிக்கும்போது எழுத்தெல்லாம் ஆடப் போகுது" என்பார்.

அவன் பைத்தியமெல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் இசைத்தட்டுகள் மேல்தான். பிரார்த்தனைக் கூடங்களில் பாடிப் பழகிய தொண்டைகள், காதலையும் கடவுளைக் கெஞ்சுகிற மாதிரியே கெஞ்சுகிற பாட்டுகள் அவை. ஃபங்க் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பேஸ் கிட்டார் ஒரு பக்கம் வம்பளக்கும், டிரம்பெட்டுகள் குறுக்கே வெட்டும், டிரம்ஸ்காரர் எங்கேயோ ஊர் சுற்றுவார். ஆனால் முதல் எண்ணிக்கை வரும்போது அத்தனை பேரும் ஒரே இடத்தில் வந்து இறங்குவார்கள். அந்த ஓர் அடிக்காக எதையும் கொடுக்கலாம் என்பான் தாளம். வீட்டில் இருநூற்றுப் பதினோரு தட்டுகள் வைத்திருந்தான்.

"ஒரு சக்களத்தின்னா சண்டை போடலாம்" என்பாள் அவன் மனைவி. "எரநூத்திப் பதினொண்ணு. நான் யார்கிட்டன்னு போய் மல்லுக்கட்டறது?"

கெட்டவன் இல்லை. யார் கேட்டாலும் ஓடிப் போய் உதவுகிறவன். ஆனால் பிறர் கேட்ட உதவிக்கும் தனக்குச் செய்யப் பிடித்த உதவிக்கும் இடையே ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு அவன் கண்ணுக்குத் தெரியாமல் போன கதைதான் இது.

கடையில் பில் போடும் கவுண்டர் அக்கா ஒரு காலையில் பழைய போர்வையில் சுற்றிய பெட்டி ஒன்றைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். பெட்டி ரெக்கார்டு பிளேயர். அதன் மேல் ஒரே ஒரு தட்டு.

"தம்பி, உனக்கு இதெல்லாம் அத்துப்படியாச்சே. பெல்ட்டு அறுந்து போச்சு. மாட்டித் தருவியா?"

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதிதான் திரும்பியிருந்தது. தாளம் அவரை ஆஸ்பத்திரியில் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறான்.

"இந்தப் பெட்டியையும் தட்டையும் யாரோ வீடு காலி பண்ணினவங்க லிஃப்டுக்குள்ளயே விட்டுட்டுப் போயிட்டாங்க. எங்களுக்குக் கல்யாணமான புதுசு. இவர் தூக்கிட்டு வந்தார். பாட்டு ஒரு வார்த்தை புரியாது. ஆனா மூணாவது பாட்டுல ஒரு எடத்துல முள்ளு சிக்கிக்கும். சொன்னதையே சொல்லிக்கிட்டுக் கிடக்கும். இவர் இடது குதிகாலால தரையில ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். முள்ளு தாண்டிப் போயிடும். அதுல என்ன சந்தோஷமோ, இருபது வருஷமா அந்த எடம் வரும்போது எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவார்."

அக்கா சற்று நிறுத்தினாள். "இப்ப அந்தக் காலைத்தான் ஊன மாட்டேங்கறார். பயிற்சி கொடுக்க வர்ற பொண்ணு, மிதிங்க சார், மிதிங்க சார்னு கெஞ்சுது. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டா அப்புறம் நடக்கறது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. இவர் சின்னப் புள்ள மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கறார். இந்தப் பாட்டைப் போட்டா தன்னால மிதிப்பார்னு என் மனசு சொல்லுது. பெல்ட்டை மட்டும் மாட்டிக் கொடு. தட்டைத் தொடாதே."

கடைசி வார்த்தைகளை அவள் சொன்னபோது தாளம் தட்டை உறையிலிருந்து பாதி உருவியிருந்தான். நடுவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். நாற்பது தட்டுக்கு மேல் போடாமல் மூடப்பட்ட ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்டது. பத்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தான். நீலச் சீட்டு கூடச் சாயம் போகாமல் இருந்தது.

"சரிக்கா, சரிக்கா" என்றான்.

பெல்ட் மாட்டப் பத்து நிமிஷம்தான் ஆனது. மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு தட்டைப் போட்டுக் கேட்டான். மூன்றாவது பாட்டில் அந்தப் பெண் குரல் மேலே ஏறி ஏறி, உச்சியைத் தொடப்போகும் நேரத்தில் சிக்கியது. மறுபடியும் மறுபடியும் அதே இரண்டு வார்த்தைகள்.  இருபது வருஷமாக இந்தக் குரலை மேலே போகவிடாமல் வைத்திருக்கிறார்களே என்று அவனுக்குக் கோபம் வந்தது.

லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை இழுத்தான். எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்ன நசுக்கல், முள் ஓடும் கோட்டின் சுவரில். பல்குத்தும் குச்சியின் நுனியைச் சீவி ஈரப்படுத்தினான். "கடவுளே, கை நடுங்காமப் பாத்துக்கோ" என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டான். கை நடுங்கவில்லை. நாம் எதைச் செய்யக் கிளம்பினோம் என்று கேட்காமல் செய்யும் திறமையை மட்டும் கேட்கிற வேண்டுதல்கள் நம் எல்லோரிடமும் உண்டு.

நாற்பது நிமிஷத்தில் பாட்டு தங்குதடையில்லாமல் ஓடியது. குரல் உச்சியைத் தொட்டது. தாளத்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது. சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களைத் தன்னைப் போன்ற ரசிகர்களின் குழுவில் போட்டான். 'உங்கள் கைக்கு ஒரு முத்தம்' என்று எழுதினார் ஒருவர். அதை நாலு தடவை படித்தான். மாலையில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொடுத்தான். தட்டைச் சரிசெய்ததை மட்டும் சொல்லவில்லை. கேட்டு அசந்து போகட்டும் என்று நினைத்தான்.

மறுநாள் அக்கா வந்து கைப்பையைக்கூடக் கழற்றி வைக்காமல் நின்றாள்.

"என்னன்னு தெரியல தம்பி. பாட்டு அந்த எடத்துல சிக்கவே இல்ல. அவர் சிரிச்சுக்கிட்டு, வலது கையால காலைத் தூக்கி வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தார். பாட்டு பாட்டுக்குப் போயிடுச்சு. 'இங்கதான... இங்கதான...'ங்கறார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போயிடுச்சு. தனக்கு எடம் மறந்து போச்சுன்னு நெனச்சுக்கிட்டார். தலையில ரெண்டு அடி அடிச்சுக்கிட்டார் தம்பி. என்னால பாக்க முடியல."

அந்த நிமிஷத்தில் தாளத்துக்கு அவள் அன்று சொன்ன 'தட்டைத் தொடாதே' தெளிவாகக் காதில் ஒலித்தது. காதில் விழவே இல்லை என்று அதுவரை தன்னை நம்பவைத்துக்கொண்டிருந்தான். விழுந்திருந்தது. நன்றாகவே விழுந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு வேறு ஒன்றைச் சொன்னது.

"புது பெல்ட்டுக்கா. வேகம் கொஞ்சம் மாறியிருக்கும். பெட்டியையும் தட்டையும் கொண்டாங்க, ரெண்டையும் ஒத்துப் பாத்துத் தரேன்."

"உனக்கு வேலை மேல வேலை வைக்கறேன்" என்று மறுநாள் பெட்டி, தட்டோடு நாலு ஆரஞ்சும் கொண்டுவந்து வைத்தாள்.

அன்று மதியம் அவன் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கதவைச் சாத்தினான். ஃபிரேமின் திருகாணிக்கு வைத்திருக்கும் ஊசி போன்ற திருப்புளியை எடுத்தான். இருநூற்றுப் பதினோரு தட்டுகளில் ஒன்றின் மேல்கூட விரல் ரேகை பட விடாதவன், மூன்றாவது பாட்டின் மேல் ஒரு கோடு கிழித்தான். கை அப்போது நடுங்கியது. தட்டைப் போட்டான். சிக்கியது, ஆனால் பழைய இடத்தில் இல்லை, நாலு வார்த்தை தள்ளி. மேசையைக் குத்திப் பார்த்தான். முள் அசையவில்லை. இன்னும் ஓங்கிக் குத்தினான். அசையவில்லை. வீட்டுத் தரை வேறு, அங்கே சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உறைக்குள் போட்டான். ஆரஞ்சை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பின்னறையில் வைத்துவிட்டான்.

இரண்டு நாள் அக்கா எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் கடை மூடும் நேரத்தில் கவுண்டரில் பில் புத்தகத்தை அடுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"சிக்குச்சு தம்பி. வேற எடத்துல சிக்குச்சு, ஆனா சிக்குச்சு. அவரும் மிதிச்சார். நாலு மிதி, அஞ்சு மிதி. வேர்த்து விறுவிறுத்து மிதிச்சார். அது நகரவே இல்ல. 'செத்த கால்'னு சொல்லிட்டுப் படுத்துட்டார். ரெண்டு நாளா கட்டிலை விட்டுக் காலைக் கீழ வைக்கல. பயிற்சிப் பொண்ணைக் கையாலயே போன்னு காட்டிட்டார்." பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ என்னத்துக்கு இப்படி ஆயிட்டே? உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ ரெண்டு தடவை மெனக்கெட்டே. அந்தப் புண்ணியம் உன்னை விட்டுப் போகாது" என்றாள்.

யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பான்.

"அக்கா, நானும் உங்ககூட வரேன். மாமாவைப் பாக்கணும்."

 பேருந்தில் அக்கா அவனுக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டான். நாலாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை. கட்டிலில் மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜன்னலோரம் அந்தப் பெட்டி.

"மாமா" என்றான். அவர் திரும்பினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. நாற்காலியைக் காட்டினார். தாளம் உட்காரவில்லை.

"மாமா, உங்க கால்ல தப்பு இல்ல. தலையிலயும் தப்பு இல்ல. நான்தான்."  நின்றபடியே சொன்னான். "முதல்ல அந்த எடத்தை நான் சரி பண்ணிட்டேன். அக்கா கேக்கல. எனக்குப் பண்ணணும்னு இருந்துச்சு, பண்ணிட்டேன். ஊருக்கெல்லாம் படம் போட்டுப் பெருமை அடிச்சுக்கிட்டேன். அப்புறம் சொல்லப் பயந்து பெல்ட்டு மேல பழியைப் போட்டேன். அதுக்கும் அப்புறம் நானே திருப்புளியால கிழிச்சேன். அது எவன் மிதிச்சாலும் நகராது மாமா. நானே குத்திப் பாத்தேன், நகரல. தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

 கதவருகே நின்ற அக்காவின் கையில் தண்ணீர்க் குவளை இருந்தது. அதை அவள் அவனிடம் நீட்டவில்லை.

"நான் சொன்னேனா இல்லையா, தட்டைத் தொடாதேன்னு?"

"சொன்னீங்கக்கா."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அவர் தலையில அடிச்சுக்கிட்டார்னு உங்கிட்டதானே வந்து சொன்னேன்? அப்பக்கூட வாயைத் திறக்கலையேடா நீ?"

முதல் தடவையாக அவள் அவனை 'டா' போட்டாள். அவன் தலை தரையைப் பார்த்தது. மன்னிப்பு என்ற வார்த்தையைக் கேட்கக்கூடத் தனக்கு இடமில்லை என்று பட்டது.

மாமா கையை நீட்டித் தட்டைக் காட்டினார். தாளம் எடுத்துக் கொடுத்தான். அவர் பார்த்துவிட்டுக் கண்ணைக் குறுக்கினார். தாளம் தன் சட்டைப் பையிலிருந்த சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து, தட்டைத் தான் பிடித்துக்கொண்டு, பழைய இடத்தைக் காட்டினான். மெக்கானிக் நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல... வேலை" என்றார்.

தாளத்துக்கு அழுகை வந்துவிட்டது. திட்டுக்குத் தயாராக வந்தவனுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் நிற்கத் தெரியவில்லை.

அடுத்து அந்தக் கீறலைக் காட்டினான். அவர் பார்த்தார். தலையை ஆட்டினார். "இது... கை... நடுங்கிருக்கு." சொல்லிவிட்டு அவன் மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டார். அதட்டுவதற்காக அல்ல. இன்னும் நடுங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி பிடித்திருந்தார்.

"அப்போ... கால்... சரி?"

"கால் சரிதான் மாமா. அஞ்சு மிதி மிதிச்சீங்களாமே."

"தலை?"

"தலையும் சரிதான்."

அவர் மனைவியின் பக்கம் கண்ணைக் காட்டினார். "அவ... நம்ப... மாட்டா."

"இருபது வருஷமா நம்பலையே, இன்னைக்கா நம்பப் போறேன்?" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிங்க. பேச்சு போதும். ரெண்டு நாள் பயிற்சி பாக்கி இருக்கு" என்றாள்.

மாமா தன் இடது காலை வலது கையால் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். பாதம் தரையில் பட்டது. அழுத்தினார். முகம் சுளித்தது, மறுபடி அழுத்தினார். அக்கா ஒரு பக்கம் தோள் கொடுத்தாள். மறுபக்கம் யாரும் இல்லை. தாளம் நகராமல் நின்றான். போகலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வேடிக்கை பாக்கவா வந்தே? பிடி" என்றாள் அக்கா.

பிடித்தான். கனமான கை அவன் தோளில் விழுந்தது. கூடத்தின் கோடி வரை போய், சுவரைத் தொட்டு, திரும்பி வந்தார்கள்.  மாமாவின் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. இரண்டாவது சுற்றின் பாதியில் நின்று இளைப்பாறினார்கள். தாளத்தின் வெட்கம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அந்த வெட்கத்தோடு செய்ய ஒரு வேலை கிடைத்திருந்தது. அதைக் கடவுளின் இரக்கம் என்று அவன் பின்னால் நினைத்துக்கொண்டான்.

மாமாவைப் படுக்கவைத்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் இன்னும் இளகவில்லை.

"நாளைக்குக் கடையில எங்கிட்டப் பேசாதே. எனக்குக் கோவம் அடங்கல."

"சரிக்கா."

"ஞாயித்துக்கிழமை பயிற்சிப் பொண்ணு வராது. காலையில ஒன்பது மணிக்கு வந்துடு. அவரை ஒருத்தியா என்னால தாங்க முடியல."

"வரேன்க்கா. ஏதாவது..."

"எதையும் எடுத்துட்டு வராதே. எதையும் சரி பண்ணாதே. வெறுங்கையை வீசிக்கிட்டு வா."