ஒரு நாளும் விடுபடாத பதிவேடு

யேசுராஜ் தன் மழைப் பதிவேட்டுக்கு மாலை போடாத குறைதான். சுங்குவார்சத்திரத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையில் முள்வேலிக்குள் நிற்கும் மழைமானியைப் பதினெட்டு வருடமாகக் காலை எட்டரைக்குப் பார்த்து, பெய்த மழையை எழுதுகிறவன் அவன். பிழைப்புக்குக் கம்பெனி ஷிப்ட், இது கூடுதல் பொறுப்பு. பதிவேட்டைப் பார்க்க வந்த இன்ஜினியர் ஷெர்லின் அசந்துபோனாள்.

"மத்த எடத்துலல்லாம் பாதி நாள் காலியா இருக்கு அண்ணா. நீங்க ஒரு நாள்கூட வுடல. இதை வெச்சுத்தான் ஏரி உபரித் தண்ணி ஓடையில பாலம் எவ்ளோ அகலம்னு முடிவு பண்ணப் போறோம்."

"எந்த எடத்துல மேடம்?"

"புது மனைங்க பக்கத்துல."

அங்கேதான் அவன் தங்கை அந்தோணிமேரி போன தை மாதம் ஃபாதரை அழைத்து வீடு மந்திரித்துக் குடியேறினாள்.

பத்து வருடத்துக்கு முன் பெருவெள்ளத்தில் அவன் மூன்று நாள் கம்பெனிக்குள் மாட்டிக்கொண்டான். திரும்பி வந்தால் மழைமானியின் பாட்டில் நிரம்பி வழிந்திருந்தது. இருநூறு மில்லிமீட்டருக்கு மேல் அது பிடிக்காது. எவ்வளவு வழிந்ததோ, எந்த நாளில் எவ்வளவு கொட்டியதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். 'எடுக்கவில்லை' என்று எழுதினால் மெமோ வரும். யேசுராஜ் துரை என்ன செய்தார்? இருநூறை மூன்றாகப் பிய்த்து, சந்தேகம் வராதபடி அறுபது, எழுபத்தைந்து, அறுபத்தைந்து என்று எழுதிவிட்டார்.

ஷெர்லின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள். "வெள்ளத்தப்பவே இங்க ஒரு நாளைக்கு எழுபத்தஞ்சுதான். அப்ப சின்னப் பாலமே போதும்."

வாயை மூடிக்கொண்டால் பொறுப்பும் நிலைக்கும், மரியாதையும் நிலைக்கும். பாலம் சின்னதானால் ஓடைத் தண்ணீர் தேங்கி மேரி வீட்டுக்குள்தான் ஏறும். ஆனால் குடியேறிய அன்று மேரி, "வூட்டாண்ட தண்ணி வராதுல்லண்ணா?" என்று கேட்டிருந்தாள். "மழைய அளக்குறவனே சொல்றேன், வராது" என்று மார்தட்டியிருந்தான்.

"மேடம், அந்த மூணு நாளும் நா இங்க இல்ல. நானாப் போட்டது."

அவள் சிவப்புப் பென்சிலை நீட்டினாள். "அடிச்சிடுங்க."

அடித்தான். நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது.

"வேற எதெல்லாம் நீங்களாப் போட்டதோ, அதையும் அடிச்சுக் குடுங்க. மிச்சத்தை நான் எடுத்துக்கறேன்."

பக்கங்களைப் புரட்டினான். காலை ஷிப்ட் வாரங்கள், மேரியின் கல்யாணம், காய்ச்சலில் படுத்த ஓர் ஐப்பசி. அப்போதெல்லாம் குத்துமதிப்பாகப் போட்டது நினைவிருந்தது. எந்தத் தேதி, எந்த எண் என்பது நினைவில்லை. தொப்பலாக நனைந்து, பாட்டில் தண்ணீரை அளவுக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, குனிந்து பார்த்து எழுதிய நாட்களும் அதே நீல மையில் அவற்றோடு கலந்து கிடந்தன. பென்சில் எந்த வரியிலும் இறங்க மறுத்தது.

"இன்னாண்ணா?"

"எது நெசம்னு எனக்கே தெர்ல மேடம்."

ஷெர்லின் பென்சிலை வாங்கினாள். பதிவேட்டை மூடி, அட்டையின் குறுக்கே ஒரே கோடாகப் போட்டாள்.