மூன்றாவது தட்டு

கிளீனருக்கு ஐயாயிரம் ரூபாய் என்றார் பழனிப் பக்கத்துத் தோப்புக்காரர். மற்ற லாரிகளில் கிளீனர் என்றால் ஆள். இந்த லாரியில் நாய். சம்பளத்துக்கு இருந்த பையன் சொல்லாமல் ஓடிப்போன மாதம், ரோட்டில் கிடந்தது என்று லாரிக்காரன் கிளெமென்ட் தூக்கி வந்த செவலைக் குட்டி. பையனைக் கூப்பிட்ட ‘கிளீனர்’ என்ற பேரும் சீட்டுக்கு அடியில் அவன் படுத்த இடமும் அதற்குப் போயின.

“தோப்புக் காவலுக்குத்தானுங்க. கறியுஞ் சோறுமாப் பாத்துக்கறனுங்க.”

திண்டுக்கல் தேங்காய் மண்டி வாசலில், டூல்பாக்ஸ் மேல் பலகையைப் போட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஏஞ்சலின் காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்தாள். கணவன் சிரித்து மறுப்பான் என்று நினைத்தாள். குளிர்காலத்தில் நாயைத் தன் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறவன் அவன்.

“சரிங்கண்ணே. நாளன்னைக்கு வந்து ஓட்டிட்டுப் போங்க” என்றான் கிளெமென்ட்.

கால் கிலோ தக்காளிக்கே கடைக்காரரை அழவைக்கும் மனுஷன். ஒரு வார்த்தை பேரம் இல்லை. பேகம்பூரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் மகளுக்கு அது உறுத்தியது. கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் தள்ளிவிடுகிற சரக்கை அப்பா இரண்டு தரம் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.

மூன்று மாதமாக அவர்களுக்கு லாரிதான் வீடு. வண்டித் தவணையும் வீட்டு வாடகையும் சேர்ந்து கட்ட முடியாது என்று கிளெமென்ட் சொன்னான். “நீயும் ஏறிக்கிட்டா சூடாச் சாப்புட்டுக்கிட்டு ஒண்ணா இருக்கலாம்ல” என்று குழைந்தான். அவளும் கட்டில் பீரோவை அக்கா வீட்டில் போட்டுவிட்டு, ஒற்றை அடுப்போடு ஏறிவிட்டாள். என்ஜின் மூடிமேல் வைத்தால் இட்லி மாவு சீக்கிரம் பொங்கும் என்பதையும், மாதா சொரூபத்துக்குப் பின்னால் வைத்தால் மிளகாய்த்தூள் டப்பா உருளாது என்பதையும் கற்றுக்கொண்டாள். செருப்பைப் படியிலேயே கழற்ற வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். உள்ளே எட்டிப்பார்த்த போலீஸ்காரரிடமும் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு அப்பா பேர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் தட்டுகளில் மூன்றை மட்டும் கொண்டுவந்திருந்தாள். போன மாதம் ஒன்றைக் காணவில்லை. “வாய்க்கால்ல கழுவுறப்ப போயிருச்சு” என்றான் கிளெமென்ட். எவர்சில்வர் மிதந்து போகுமா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். வத்தலக்குண்டில் லோடு ஏற்றும் நாளெல்லாம், மிச்சக் குழம்பை நாய்க்கென்று தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, “இத செத்த நடத்திட்டு வாரேன்” என்று அவன் கூட்டிப்போனதையும் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்த நாயிடம் குழம்பு வாசனையே இருக்காது. ஆனால் வயிறு முட்ட இருக்கும்.

மறுநாள் வத்தலக்குண்டில் பின்டயர் பஞ்சர். கிளெமென்ட் பஞ்சர் கடையில் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கிளீனர் எழுந்தது, சோம்பல் முறித்தது, நடந்தது. மோப்பம் பிடிக்கவில்லை, சம்பளம் வாங்கப் போகிற ஆளைப்போல நேராகப் போயிற்று. ஏஞ்சலின் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. நீலக் கதவு. நாய் ஒரே ஒரு குரல் கொடுத்தது.

“வந்துட்டியா பூச்சி?”

கதவைத் திறந்தவளுக்கும் ஏஞ்சலின் வயதுதான் இருக்கும். நாய்க்கு வால் போதாமல் இடுப்பே ஆடியது. லாரியில் அது இப்படி ஆடியதில்லை. அவள் சோற்றைப் போட்டு வைத்த தட்டின் விளிம்பில், புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்து: ஏஞ்சலின்.

“யாரு வேணும்?”

“நாயோட வந்தேன்.”

அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். “அண்ணன் வரலையாக்கா?”

அண்ணன். அந்த வார்த்தையைச் செம்பா பித்தளையா என்று ஏஞ்சலின் மனதுக்குள் சுண்டிப் பார்த்தாள். ஓசை பிடிபடவில்லை.

“பஞ்சர் கடையில நிக்கிறாரு. ஒங்க பேரு?”

“மகேஸ்வரி. உள்ள வாங்கக்கா. நீங்க குடுத்துவிடுற கருவாட்டுக் கொழம்பு இருந்தாத்தான் எங்கப்பா வாயத் தொறக்குறாரு.”

உள்ளே கட்டிலில் யாரோ இருமினார்கள். கொடியில் ஒரு வேட்டி. பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட லுங்கி. அந்த மாதிரி லுங்கி ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கும். கிளெமென்ட்டிடமும் இருந்தது.

“நாய் ஒங்களோடதா?”

“இங்க பொறந்ததுக்கா. அண்ணன் ஆசையாக் கேட்டாரு, குடுத்தேன்.” மகேஸ்வரி நாய் நக்கி முடித்த தட்டைக் கழுவி, முந்தானையில் துடைத்து நீட்டினாள். “ஒங்க தட்டு. எடுத்துக்கிறீங்களா?”

“இருக்கட்டும்” என்றாள் ஏஞ்சலின். கைநீட்டி வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்ததாக ஆகிவிடும்.

பஞ்சர் கடையிலிருந்தே கிளெமென்ட் அவள் நாயோடு வருவதைப் பார்த்தான். அவள் எந்தச் சந்திலிருந்து வருகிறாள் என்பதையும் பார்த்தான்.

“ரெண்டு பேரும் எங்க போனீங்க?”

“எனக்கென்ன தெரியும். கிளீனர் கூட்டிட்டுப் போச்சு.”

ஸ்பானரைத் துடைத்த கை துடைத்துக்கொண்டே இருந்தது. “ஏஞ்சல், அது வந்து...”

“அந்தப் பழனிக்காரருக்குப் போன் போட்டு, நாயக் குடுக்கலைன்னு சொல்லிருங்க. வழி தெரிஞ்ச ஆள யாராவது விப்பாங்களா?”

அவள் சோற்றை வடித்தாள். பலகைமேல் இரண்டு தட்டுகளை வைத்து, மூன்றாவதற்கு இடம் விட்டாள். தூக்குவாளியையும் கழுவி, மூடியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதைத் தொடவில்லை. கிளீனர் நிறைந்த வயிற்றோடு டயர் நிழலில் சுருண்டது. வருஷக் கடைசியில் அப்பா கடையில் எடுப்பதுபோல் ஏஞ்சலின் இருப்பு எடுத்தாள். தட்டு மூன்று: கையில் இரண்டு, வெளியே ஒன்று. நாய் ஒன்று, பேர் இரண்டு. லுங்கி ஒன்று, யாருடையது என்று தெரியாதது. அவளுக்கு வீடு இல்லை. அவனுக்கு வீடு...

அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, ஆவி பறக்கும் குழம்பை முதலில் தூக்குவாளியில் ஊற்றினாள்.