காதோடு ஒரு உபதேசம்

ஏகப்பச் செட்டியார் வீட்டைவிட்டுத் தெருவில் இறங்கினால் எதிரே வருகிற ஆட்கள் சந்துக்குள் புகுந்துவிடுவார்கள். திட்டுகிற மனுஷரில்லை, உபதேசம் பண்ணுகிற மனுஷர். தபால்காரருக்குச் சைக்கிள் மிதிக்கும் முறை, தயிர்க்காரிக்குப் பானை தூக்கும் முறை, எல்லாம் சொல்லுவார். கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. வாய்தான் ஓயாது.

அது அறுபத்தேழாம் வருஷம். நெற்குப்பையில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் மீனாளுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துவர வேண்டிய வாரத்தில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. மனைவி கண்ணம்மை உரக்க வாசித்தாள்.

"ஆத்தா, உங்களோடு இருக்க ஆசைதான். ஆனால் அப்பச்சியின் உபதேசத்தை மூன்று மாதம் கேட்க உடம்பில் தெம்பில்லை. பிரசவம் இங்கேயே ஆகட்டும்."

"கேட்டீகளா?" என்றாள் கண்ணம்மை. "ஊர் சிரிக்கும், அது கெடக்கட்டும். வலி எடுக்கையில நான் எம்புள்ள கையப் புடிச்சுக்கிட்டு நிக்க வேணாமா? நீங்களே போயி அழைச்சுட்டு வாங்க. அவ வரலைன்னா நானும் அங்குட்டுப் போயி உக்காந்துக்கிறேன். நீங்க இந்த வீட்டுத் தூணுகளுக்கு உபதேசம் பண்ணிக்கிட்டு இருங்க."

"நல்லதைத்தானே சொல்றேன்."

"நல்லதைத்தான் சொல்றீக. விடிஞ்சதுலேருந்து பொழுதடையச் சொல்றீகளே."

ஏகப்பருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை அவர் மடத்துக்குப் போக வேண்டியிருந்தது. கல்யாணமானவர்கள் குருவிடம் உபதேசம் கேட்டுக்கொள்வது நகரத்தார் வழக்கம். மலாயாவிலேயே காலம் போன இவருக்கு அது தள்ளிக்கொண்டே போய், ஐம்பத்தாறு வயதில்தான் நாள் வாய்த்தது. உபதேசம் என்றால் எப்படியும் அரைநாள் ஆகும் என்று, நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டார். கட்டுச்சோறு வேறு. அங்கிருந்து அப்படியே நெற்குப்பைக்குப் போவதாக ஏற்பாடு.

குரு பக்கத்தில் அழைத்தார். ஒரு துண்டால் இருவர் தலையையும் மூடினார். வலது காதில் நாலைந்து எழுத்துச் சொன்னார். துண்டை எடுத்துவிட்டார்.

"சாமி, உபதேசம்?" என்றார் ஏகப்பர்.

"ஆச்சே."

"அவ்வளவுதானா?"

குரு நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கிட்டக்க இருந்து காட்டுறதுன்னுதானய்யா உபதேசங்கிற சொல்லுக்கு அர்த்தம். எட்ட இருந்து சொன்னா சத்தந்தான் போய்ச் சேரும்."

பஸ்ஸில் அவருக்கு அந்த 'எட்ட' என்ற சொல் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. மலாயாவில் பன்னிரண்டு வருஷம். மகளுக்குப் பால்பல் விழுந்ததையும், அவள் பெரியமனுஷி ஆனதையும் கடிதத்தில்தான் படித்தார். பதிலுக்கு அவரால் அனுப்ப முடிந்ததெல்லாம் கடிதத்துக்கு இருபது வரிப் புத்திமதிதான். வெயிலில் ஆடாதே, கிணற்றடிக்குத் தனியாகப் போகாதே, ஈரத்தலையோடு படுக்காதே. ஊரோடு வந்து ஏழு வருஷமாயிற்று. இன்னமும் அந்தப் பிள்ளைக்கு வாயால் கடிதம்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுக்காரர், "கண்ணுல தூசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றார்.

நெற்குப்பையில் மீனாள் வெறுந்தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாய் விரித்துக்கொள் என்பது ஏகப்பரின் நாக்கு வரை வந்தது. விழுங்கினார். ஓரத்தில் ஒரு மாங்காய்க் கீற்று உப்பும் மிளகாய்ப்பொடியுமாக இருந்தது. அதையும் விழுங்கினார், உபதேசத்தைத்தான்.

மீனாள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை.

"என்ன அப்பச்சி, ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லணும் ஆத்தா. நீ எந்திரிக்காத, நானே வாரேன்."

வேட்டி அழுக்காவதைப் பாராமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தோள்துண்டை எடுத்து இருவர் தலையிலும் போர்த்திக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

"நான் பக்கத்துல இல்லாமயே நீ வளந்துட்ட. இந்த ஒரு தடவை என்னையப் பக்கத்துல இருக்க விடு ஆத்தா."

துண்டுக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"துண்டு பூரா மூக்குப்பொடி நாத்தம் அப்பச்சி," என்றாள் மீனாள். அதே துண்டிலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டு, பெட்டியை எடுத்துவைக்க எழுந்தாள்.

நல்ல நேரம் பார்த்து மறுநாள் காலை வாடகைக் காரில் கிளம்பினார்கள். டிரைவர் வளைவுகளில் வேகமாகத்தான் திருப்பினான். ஏகப்பர் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையார்பட்டிக் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதும் பேச்சில்லை.

"அப்பச்சி."

"என்னத்தா?"

"ஏதாச்சும் சொல்லுங்களேன். நீங்க சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

ஏகப்பர் மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"காத்து மூஞ்சியில அடிக்குது பாரு. கண்ணாடிய ஏத்திக்கத்தா."

மீனாள் கண்ணாடியை ஏற்றினாள். அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.