கார்மெலாவின் கையில் வாசித்தது

எலாடியோ தூக்கத்தில் கிதார் வாசிப்பார் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே கார்மெலாவுக்குத் தெரிந்துவிட்டது. தென் ஸ்பெயினின் சான்லூக்காரில் கோடைக்கால மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட இறங்காது. சாப்பிட்டுவிட்டு, சன்னலின் பச்சைப் பலகைகளை இறக்கிவிட்டு, ஊரே படுத்துக்கொள்ளும். பலகை இடுக்கு வழியே நுழைகிற வெளிச்சம் சுவரில் ஆற்றுத் தண்ணீர் மாதிரி அசையும். எலாடியோ இடது பக்கமாகத் திரும்பிப் படுத்து, வலது கையை மனைவியின் புஜத்தில் போட்டுக்கொள்வார். மூச்சு ஒரு சீராக வந்ததும் விரல்கள் தாமாகவே நடக்க ஆரம்பிக்கும். விரல் நடக்கிற நடையை வைத்து அது என்ன பாட்டு என்றுகூட அவளால் சொல்லிவிட முடியும்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. தனியாக மேடையில் உட்கார்ந்து பேர் வாங்கியவர் இல்லை. ஃபிளமென்கோ பாடுகிறவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவன் மூச்சு எங்கே முடியும், வார்த்தை எங்கே உடையும் என்று முன்கூட்டியே தெரிந்து வாசிக்கிறவர். அதுவும் பெரும்பாலும் ஒரே ஆளுக்கு: நிகானோருக்கு. நிகானோர் போனான்சா துறைமுகத்து மீன் ஏலத்தில் முப்பத்தைந்து வருஷம் விலை கூவியவர். அந்தக் கூவலில் பழுத்த தொண்டை அவருடையது.

கை விஷயத்தில் எலாடியோ கண்டிப்பானவர். காலையில் காபிக்கு முன்னால் வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சாதகம். நகங்களை உப்புக்காகிதத்தில் தேய்த்து வைத்திருப்பார். கட்டைவிரல் நகத்துக்கு மேலே பசைப் பூச்சு. டப்பா திறக்க மாட்டார், பெட்டி தூக்க மாட்டார். அந்த வீட்டில் இத்தனை வருஷமாக எல்லா மூடியையும் திறந்தது கார்மெலாதான்.

அப்படிக் காப்பாற்றிய கை போன வருஷம் ஆகஸ்டில் காலை வாரியது.

ஊர் ஃபிளமென்கோ சங்கத்து முற்றத்தில், வெயில் தாழ்ந்த சாயங்காலம். நிகானோர் சோலெயா பாடிக்கொண்டிருந்தார். நிதானமான, கனமான பாட்டு. இரண்டு அடிகளுக்கு நடுவே எலாடியோ ட்ரெமலோ வாசிப்பது வழக்கம். கட்டைவிரல் கீழே ஒரு மெட்டை நடத்த, மற்ற மூன்று விரல்களும் மாறி மாறி ஒரே தந்தியை மீட்ட, தண்ணீர் இழை அறாமல் ஒழுகுவதுபோல் ஒலிக்கும். அன்றைக்கு மோதிர விரல் தந்திக்கு வரவில்லை. உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நிகானோர் சட்டென்று முறைக்கு முன்பே "அய்" என்ற ஓலத்தை எடுத்து, அதை நீட்டி நீட்டி அந்த ஓட்டையை மூடினார். கைதட்டல் எப்போதும்போல்தான் வந்தது. ஆனால் யாரும் பக்கத்தில் வந்து பேசவில்லை. அதிலிருந்தே எலாடியோவுக்குப் புரிந்துவிட்டது.

காதிஸில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் பெரிய கோளாறு இல்லை, வயசுக்குத் தகுந்த தேய்மானம்தான் என்றார். எலாடியோ சாதகத்தை மூன்று மணி நேரமாக்கினார். விரல் இன்னும் இறுக்கமாக மடங்கியது.

ஏப்ரல் மாதத்தில் சங்கத் தலைவர் தோன் ஹசிந்தோ வீட்டுக்கு வந்தார். மருந்துக்கடைக்காரர், நல்ல மனுஷர். தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"இந்த ஆகஸ்ட்ல உங்களுக்கு ஒரு பாராட்டு விழா வெக்கலாம்னு கமிட்டியில முடிவாயிருக்கு, எலாடியோ. பளிங்குல பேர் பொறிச்சு ஒரு பலகை. நீங்க முன் வரிசையில உக்காந்தா போதும். வாசிக்கறதுக்கு ஹெரெஸ்ல இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கோம்."

"என் விழாவுக்கு இன்னொருத்தர் வாசிக்கிறாரா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்."

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்ட நிகானோர், மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு வந்து சேர்ந்தார்.

"பளிங்குப் பலகையா? செத்த தேதி போட வேண்டியது ஒண்ணுதான் பாக்கின்னு சொல்லு."

"நீதான் அதை என் கையில குடுக்கணுமாம்."

"நான் குடுக்க மாட்டேன். உன் கிதார் இல்லாம பாடவும் மாட்டேன்."

"என் விரல் வரலைடா."

"எனக்குத் தெரியாதா? பக்கத்துல உக்காந்திருந்தவன் நான்தானே." நிகானோர் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "உனக்கும் ஒண்ணு தெரியும். நீ வாயைத் திறக்கலை, அவ்வளவுதான்."

எலாடியோவுக்குத் தெரியும். சுருதியை ஏற்றுவதற்காகக் கிதாரின் கழுத்தில் மாட்டுகிற கேப்போவைப் பத்து வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் கட்டையில் இறுக்குவார். அப்புறம் நாலு, அப்புறம் மூணு. இப்போது இரண்டு. நிகானோரின் குரல் இறங்க இறங்க, அவர் கேட்காமலேயே, அவர் பார்க்காத நேரத்தில், கேப்போவும் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. இருவரும் இதுவரை அதைப் பேசியதில்லை. அன்றும் மேலே பேசவில்லை. கார்மெலா கொண்டுவந்து வைத்த மன்சனீயா ஒயினையும் ஆலிவ் காயையும் முடித்துவிட்டு நிகானோர் கிளம்பிப் போனார்.

மே மாதம், ஒரு மத்தியானம். கீழைக்காற்று மூன்று நாளாக அடித்து அன்றுதான் ஓய்ந்திருந்தது. வீடு முழுக்க மெல்லிய மணல். எலாடியோ தூங்கிக்கொண்டிருந்தார், கார்மெலா பாதித் தூக்கத்தில் இருந்தாள். அவளுடைய புஜத்தில் விரல்கள் நடந்தன. ஒயின் கிடங்கில் முப்பது வருஷம் ஓடுகிற பட்டையில் வருகிற பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டியவள் அவள். ஒரு பாட்டில் வரிசை தவறினால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பாள். கட்டைவிரல், ஆள்காட்டி, மோதிரம், நடு, ஆள்காட்டி. மறுபடியும் கட்டைவிரல். எதுவும் விடுபடவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். அசையாமல் கிடந்து எண்ணினாள். மோதிர விரல் தன் முறைக்குத் தவறாமல் வந்து, லேசாகத் தட்டிவிட்டுப் போனது. மற்ற விரல்களைவிட மெதுவாகவும் இல்லை.

அவள் உடனே சொல்லவில்லை. நாலு மத்தியானம் சோதித்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் தூங்கி எழுந்தவரிடம் காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"உன் விரலுக்கு ஒண்ணும் இல்ல. தூங்கும்போது நல்லாத்தான் வாசிக்குது."

"அப்படியா? ஹசிந்தோகிட்ட சொல்லி மேடையில ஒரு கட்டில் போடச் சொல்லு."

"கேலி பண்ணாத. நான் எண்ணினேன்."

"என்னத்த எண்ணினே?"

"தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் வாசிச்சே. சோலெயா. ஒரு தட்டு தப்பல."

எலாடியோவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. விழித்திருக்கும்போது தன்னை ஏமாற்றுகிற விரல், தூங்கும்போது மனைவியிடம் நல்ல பேர் வாங்குகிறதே என்று. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கட்டிலுக்குப் போகாமல் நாற்காலியில் கிதாரோடு சாய்ந்துகொண்டார். வெளிச்சம் சுவரில் அசைந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. கண் செருகி, நாற்காலிக்குக் கீழே தரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நிலைக்கு அவர் இறங்கியபோது, பக்கத்து அறையில் யாரோ ட்ரெமலோ வாசிப்பது கேட்டது. அப்படி ஒரு மிருது. யார் இவ்வளவு நன்றாக வாசிப்பது என்று நினைத்தார். தன் கைதான் என்று தெரிந்த அந்த நொடியில் விரல் மடங்கிக்கொண்டது.

"கேட்டுச்சா?" என்றார், வாசலில் நின்றிருந்த கார்மெலாவிடம்.

"கேட்டுச்சு. நீ காது குடுத்ததும் நின்னுபோச்சு." அவள் யோசித்தபடியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை மடித்து, முன்னங்கையை அவர் மடியில் நீட்டினாள். "இதுல வாசி. இதுல சத்தம் வராது. பயப்பட ஒண்ணுமில்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் மத்தியானம், தூக்கம் கண்ணோரத்தில் நிற்கிற நேரத்தில், இருபது நிமிஷம். அதற்கு மேல் அவள் விடமாட்டாள். காலைச் சாதகத்தையும் மூன்று மணியிலிருந்து ஒன்றாகக் குறைக்க வைத்தாள். இன்னொரு கையின் முட்டியால் மேஜையில் பன்னிரண்டு எண்ணிக்கைத் தாளத்தைத் தட்டுவாள். அவர் வழக்கமாக வாசிக்கிற வேகத்தில் பாதிகூட இல்லை. அந்த மெதுவில் ஒவ்வொரு விரலும் இறங்குவதையும் எழுவதையும் அவரால் தனித்தனியாக உணர முடிந்தது. பதினாறு வயதிலிருந்து அவர் தன் விரல்களை விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். போக விட்டுப் பார்த்ததே இல்லை.

கார்மெலாவின் கையில் சிவப்புச் சிவப்பாகத் தடம் விழுந்தது. இறால் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"என்ன கார்மெலா, தெள்ளுப் பூச்சி கடிச்சிருக்கா?"

"எழுபத்திரண்டு வயசுத் தெள்ளு," என்றாள் கார்மெலா.

ஜூன் கடைசியில் கையை விட்டுத் தந்திக்குப் போனார்கள். தந்திகளுக்கடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினாள். சத்தம் டொக் டொக் என்று மரக்கட்டை மாதிரி வந்தது. விரல் வந்தது. பத்து நாள் கழித்துக் கைக்குட்டையில் ஒரு மடிப்பைப் பிரித்தாள். நீருக்கடியில் இருந்து கேட்பதுபோல் ஒரு ஸ்வரம் எட்டிப் பார்த்தது. விரல் மூன்று நாள் மிரண்டது. அப்புறம் வந்தது. இன்னொரு மடிப்பு. இப்படி ஒவ்வொரு மடிப்பாக, ஜூலை முடியும்போது கைக்குட்டை இல்லாமலே வாசித்தார். மெதுவாகத்தான். பழைய வேகத்தை எட்டிப் பிடிக்கப் போனால் விரல் மறுபடியும் உள்ளே போய்விடும். அந்த வேகம் இனி இல்லை என்பதை ஒரு மத்தியானம் அவர் ஒப்புக்கொண்டார். வருத்தமாகத்தான் இருந்தது. கிதாரைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய், நீர் வற்றிய ஈர மணலில் வெகுதூரம் நடந்துவிட்டு வந்தார்.

தோன் ஹசிந்தோவிடம், நானேதான் வாசிப்பேன், ஒரே ஒரு சோலெயா, என்று சொல்லி அனுப்பினார். ஹெரெஸ்காரர் மீதி நேரம் வாசிக்கட்டும்.

விழா நாள் முற்றத்தில் நூறு பேருக்கு மேல். வெயில் சுவரின் மேல்பாதியில் மட்டும் மிச்சமிருந்தது. எலாடியோ மேடையில் உட்கார்ந்து கேப்போவை எடுத்தார். நிகானோர் குனிந்து அவர் காதருகே சொன்னார்.

"ஒண்ணாங் கட்டைக்கு இறக்கு."

பத்து வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. எலாடியோ இறக்கி இறுக்கினார். "நானும் இன்னைக்கு மெதுவாத்தான் போவேன்," என்றார்.

"எவ்வளவு மெதுவா?"

"நீயே பாரேன்."

தொடங்கியபோது முற்றத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோலெயாவை அந்த நடையில் யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு தாளத்துக்கும் நடுவே ஒரு மூச்சு விட இடம் இருந்தது. நிகானோர் முதல் அடியைப் பாடினார். அந்த மெதுவில் அவருடைய மூச்சு போதவில்லை. இரண்டாவது அடியின் பாதியில் குரல் அறுந்தது. எலாடியோ அவசரப்படவில்லை. கட்டைவிரலால் ஒரே ஒரு தந்தியைத் தட்டி, அவருக்காகக் காத்திருந்தார். நிகானோர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வார்த்தையை எடுத்து, முன்னைவிடத் தாழ்ந்த குரலில் முடித்தார். முன்வரிசையில் ஒரு கிழவர் தனக்குள் மெச்சிக்கொள்வதுபோல் "ஓலே" என்றார்.

அப்புறம் ட்ரெமலோ. எலாடியோ கையைப் பார்க்கவில்லை. சுவரில் ஏறிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். கட்டைவிரல், ஆள்காட்டி, மோதிரம், நடு, ஆள்காட்டி. தண்ணீர் இழை மெல்லிசாக, ஆனால் அறாமல் ஒழுகியது. நடுவில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை, மோதிர விரல் தந்தியை உரசிக்கொண்டு மட்டும் போனது. அது அவருக்குத் தெரிந்தது. கார்மெலாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் கைதட்டல் உடனே வரவில்லை. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுகிறவர்களைப்போல் ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தார்கள். பிறகு வந்தது. தோன் ஹசிந்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை நிகானோரிடம் நீட்ட, நிகானோர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் தலைவரே கொடுக்க வேண்டியதாயிற்று. எலாடியோ வாங்கிக்கொண்டார். கனமாக இருந்ததால் கார்மெலாவிடம் கொடுத்தார்.

மறுநாள் காலையில் விரல் மறுபடியும் மடங்கியே கிடந்தது. வெந்நீரில் நனைத்து, மெதுவாக, ஒன்றாம் பாடத்திலிருந்து தொடங்கினார். பதினோரு மணிக்கு அது வந்தது. அதற்கடுத்த நாள் பத்து மணிக்கு. சில நாள் வரவே இல்லை. வராத நாளில் மற்ற விரல்களால் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு எழுந்துவிடுவார்.

அக்டோபரில் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு பகலில் நிகானோர் ஒரு பொட்டலம் மீனோடு வந்தார். எலாடியோ ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். நிகானோர் கேட்டறியாத மெட்டு. அடுத்தவர்களிடமிருந்து வாங்கியதைத்தான் எலாடியோ இத்தனை காலம் வாசித்து வந்தார். இது அந்தப் பாதி வேகத்தில், அந்தக் காத்திருப்புகளுக்கு நடுவே, தானாக முளைத்தது. இன்னும் முடிவு வரவில்லை.

நிகானோர் ஈரக் கோட்டைக் கழற்றாமல் நின்று கேட்டார். தொண்டையைச் செருமினார். பாட்டை எடுக்க இடம் தேடினார்.

"இதுல நான் எங்க நுழையறது?"

"நீ நுழைய வேண்டாம். உக்காரு."

அறுபது வருஷப் பழக்கத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. மீனைக் கார்மெலாவிடம் கொடுத்துவிட்டுச் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே ஆறு வடிந்துகொண்டிருந்தது. படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் சாய்ந்தன. நிகானோர் கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல், எலாடியோ நிறுத்துகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.