மஞ்சள் வயர்

ஜெஸ்மி விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதும் சர்வேயர். தூத்துக்குடியில் பதினாறு வருடமாக இதுதான் வேலை. நாய் குறுக்கே வந்தது, பிரேக் அடித்தேன், கம்பத்தில் மோதிவிட்டது என்று யாராவது சொன்னால், நாய் என்ன நிறம் என்று கேட்பாள். அவளை ஏமாற்ற முடியாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்காரர்களும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் கசப்போடு.

அவள் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தச் சிவப்பு கார். இருபத்தைந்து வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் போகும். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் தூசியடைந்து கிடந்ததை வாங்கி, இரண்டு வருடம் பாடுபட்டு ஓடவைத்தாள். கணவன் ஜாபேஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆள் உயரம். அந்தக் காரில் ஏற அவன் தலையையும் முழங்காலையும் ஒரே நேரத்தில் மடக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் அதில்தான் சர்ச்சுக்குப் போனார்கள்.

தொந்தரவு கண்ணாடியால்தான் வந்தது. துறைமுக ரோட்டில் நிலக்கரி லாரி எதிரே வந்தால், ஹேண்டிலைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றுவதற்குள் மடியெல்லாம் கரி. தனியாகப் போகும்போது இடது பக்கக் கண்ணாடி கைக்கே எட்டாது. சுவிட்சை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு கண்ணாடியும் தானாக மேலே ஏறிவிட வேண்டும் என்று அவள் விரும்பினாள். மூன்று கடைகளில் கேட்டாள். கதவு ரொம்ப ஒல்லி, மோட்டார் வைத்தால் கண்ணாடியில் இடிக்கும் என்று மூன்று பேரும் கையை விரித்தார்கள். செய்தால் சுடலைக்கண்ணன் அண்ணாச்சிதான் செய்வார் என்று மூன்று பேரும் சொன்னார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கியபோது, சுடலைக்கண்ணன் ஒரு காருக்கு வயரிங் முழுதும் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஜெஸ்மி அதை நம்பவில்லை. வெள்ளத்துக்கு முன்பே கெட்டுப்போன வயரிங், சேதம் கூட்டிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தாள். அந்த வண்டிக்காரர் கடை வாசலில் நின்று சுடலைக்கண்ணனைத் திட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

எட்டயபுரம் ரோட்டிலிருந்த அவர் கடைக்கு அவள் போனபோது, அவர் அவளை நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டார். வாங்க மேடம் என்றார். டீ சொன்னார். கதவைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். செய்யலாம், சின்ன மோட்டாராகப் பார்த்துப் போடவேண்டும், நான்கு நாள் வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். வெள்ளத்தைப் பற்றியோ அறிக்கையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அவர் இரண்டு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் ஜெஸ்மி நிம்மதியாகத் திரும்பியிருப்பாள். பேசாமல் இருந்ததுதான் அவளை உறுத்தியது.

சாவியைக் கொடுக்கும் முன் மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். இரண்டு கதவு இடுக்குகளையும் டிக்கியையும்கூட எடுத்தாள். அவர் துணியில் கை துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் வேலை முடிந்திருந்தது. நடுவில் பதித்திருந்த சுவிட்சை ஒரு தடவை தட்டினாள். இரண்டு கண்ணாடியும் சத்தமில்லாமல் ஏறி, மேல் ரப்பரில் பொருந்தி நின்றன. அவளால் குறை சொல்ல முடியவில்லை. ரசீதில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். சுடலைக்கண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேற ஒண்ணும் சேக்கலியே அண்ணாச்சி?" என்று அவள் முந்திக்கொண்டு கேட்டாள். அவர் ஒரு கணம் நின்று, ஒண்ணுமில்ல மேடம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மீட்டரைப் பார்த்தாள். முப்பத்தேழு கிலோமீட்டர் கூடியிருந்தது. கடையிலிருந்து வீட்டுக்கு ஆறுதான். மீதி முப்பத்தொன்று எங்கே ஓடியது?

மறுநாள் சனிக்கிழமை. ஜாபேஸ் டியூஷனுக்குப் போனபின், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள் தலைகீழாகப் படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்தாள். மோட்டாருக்குப் போகும் வயர்கள் இருந்தன. கண்ணாடியைத் தானாக ஏற்றும் யூனிட் இருந்தது. எல்லாம் ரசீதில் உள்ளவை. அதற்குப் பின்னால், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் வயர் வெளியே வந்து மற்ற வயர்களோடு போய்ச் சேர்ந்தது. பெட்டியின் மேல் பெயரில்லை, நம்பரில்லை. ரசீதிலும் இல்லை.

வண்டி எங்கே போகிறது என்று காட்டிக்கொடுக்கும் டிராக்கர் இப்படித்தான் இருக்கும். திருட்டுப் போன வண்டிகளின் கேஸில் அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அவள் எந்தெந்த ஒர்க்‌ஷாப்புக்குச் சோதனைக்குப் போகிறாள் என்று முன்கூட்டித் தெரிந்தால் யாருக்கெல்லாம் லாபம் என்று யோசித்தாள். ஒரு பட்டியலே மனதில் வந்தது.

கட்டரை எடுத்து மஞ்சள் வயரை வெட்டினாள். பிறகு சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். கண்ணாடிகள் முன்பு போலவே ஏறின, இறங்கின. ஆக அந்தப் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தமில்லை. அவளுக்கு அது போதுமான ஆதாரமாக இருந்தது. பெட்டியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி, கைப்பையில் வைத்தாள். ஜாபேஸிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தாள்.

அடுத்த ஒரு வாரம் அவள் யாரையும் நிம்மதியாகப் பார்க்கவில்லை. பின்னால் ஒரே பைக் இரண்டு திருப்பம் தாண்டி வந்தால் ஓரமாக நிறுத்தி அதை முன்னே போகவிட்டாள். ஒரு ஒர்க்‌ஷாப்காரர், "இன்னைக்கு வருவீங்கன்னு நெனச்சேன் மேடம்" என்று சாதாரணமாகச் சொன்னதை அறிக்கைக் காகிதத்தின் ஓரத்தில் குறித்துவைத்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை, மீன் வாங்க இருவரும் தருவைகுளம் போனார்கள். திரும்பும்போது உப்பளங்களுக்கு நடுவே ரோடு வெறிச்சென்று கிடந்தது. ஜாபேஸ் பாதி இறக்கிய கண்ணாடியின் விளிம்பில் இடது கை விரல்களைப் போட்டுக்கொண்டு, பாத்திகளில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருந்த உப்பைப் பார்த்தபடி வந்தான். எதிரே ஒரு லாரி, புழுதியை ஒரு சுவர் போல இழுத்துக்கொண்டு வந்தது. ஜெஸ்மி யோசிக்காமல் சுவிட்சைத் தட்டினாள்.

விரல்கள் கண்ணாடியோடு மேலே போயின. ஜாபேஸ் கையை இழுக்கும் முன் கண்ணாடி ரப்பருக்குள் நுழைந்து நெரித்தது. மோட்டார் நிற்கவில்லை, முனகிக்கொண்டு தள்ளியது. அவன் கத்தினான். அவள் பிரேக்கை மிதித்து, பதற்றத்தில் சுவிட்சை மறுபடியும் மேல்பக்கமாகவே அழுத்தி, பிறகு கீழே அழுத்தினாள். எல்லாம் ஐந்தாறு விநாடிதான். நடுவிரலும் மோதிர விரலும் நீலம் பாய்ந்து கோணியிருந்தன.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு விரலிலும் எலும்பு விரிசல். கட்டுப் போட்டு ஆறு வாரம் என்றார்கள். ஜாபேஸின் தம்பி ஷாம் வந்து சேர்ந்தான். வக்கீலிடம் ஜூனியராக இருப்பவன். யார் பொருத்தியது என்று கேட்டான், பெயரைச் சொன்னாள். வெள்ளத்துக் கதையும் அவனுக்குத் தெரியும். வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று அவனே முடிவுகட்டி, ஊர்க்காரர்கள் முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கடைப் பெயரைப் போட்டு எழுதினான். திங்கட்கிழமை போலீசில் புகார் கொடுக்கலாம் என்றான். ஜெஸ்மி தடுக்கவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை, புகாருக்கு முன் அந்த ஆளை நேரில் கேட்டுவிட வேண்டும் என்று தனியாகக் கடைக்குப் போனாள். கடை வாசல் காலியாக இருந்தது. சுடலைக்கண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குழுவில் வந்ததைப் பார்த்து இரண்டு பேர் வந்து தங்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். சார் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

ஜெஸ்மி பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்தாள். "இத யாருக்காக வச்சிய?"

அவர் கவரைத் தூக்கிப் பார்த்தார். தேதியைப் படித்தார். வெட்டுப்பட்ட மஞ்சள் வயரைப் பார்த்தார்.

"இத என்னத்துக்குக் கழத்துனிய?" என்றார்.

அவள் டிராக்கர் என்றாள். அவர் எழுந்து, அவள் காரின் கதவைத் திறந்து, கீழே படுத்து, பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து வயரைச் சேர்த்து டேப் சுற்றினார். பிறகு வெளியே வந்து, கண்ணாடியைப் பாதிக்கு இறக்கி, தன் வலது கை விரல்கள் நான்கையும் விளிம்பின்மேல் வைத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் ஜெஸ்மி.

அவர் இடது கையை உள்ளே விட்டு சுவிட்சைத் தட்டினார். கண்ணாடி விரல்களோடு மேலே ஏறியது. ரப்பரில் விரல் பட்டது. அந்த இடத்திலேயே கண்ணாடி நின்று, தானாகக் கீழே இறங்கிவிட்டது. அவர் கையை எடுத்து அவளிடம் நீட்டிக் காட்டினார். விரல்களில் ஒரு கோடுகூட இல்லை.

இடையில் ஏதாவது சிக்கினால் மோட்டார் இழுக்கிற கரண்ட் கூடும், அதைக் கண்டுபிடித்துக் கண்ணாடியைத் திருப்பி இறக்கத்தான் அந்தப் பெட்டி என்று அவர் சொன்னார். இல்லாவிட்டாலும் கண்ணாடி ஏறும், இறங்கும். ஆனால் கை சிக்கினால் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் சாத்தான்குளத்தில் ஒரு வேனுக்கு அது இல்லாமல் போட்டுக் கொடுத்து, அந்த வீட்டு இரண்டு வயதுக் குழந்தையின் கை மாட்டிக்கொண்டது. எலும்பு தப்பியது. அன்றிலிருந்து அது இல்லாமல் அவர் யாருக்கும் பொருத்துவதில்லை. ரோட்டுக் குழியில் வண்டி குலுங்கினாலும் கண்ணாடி தப்பாக இறங்கிவிடும் என்பதால், மோசமான ரோடாகப் பார்த்துத் தருவைகுளம் பக்கம் இரண்டு நாள் ஓட்டிச் சரிசெய்திருந்தார். முப்பத்தொரு கிலோமீட்டர் அங்கேதான் போயிருந்தது.

"அத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று ஜெஸ்மி கேட்டாள்.

"சொல்லத்தான் வந்தேன். வேற ஒண்ணும் சேக்கலியேன்னு கேட்டிய. கேக்காத சாமானப் போட்டுட்டு பில்ல ஏத்துதான்னு நெனைப்பியன்னு தோணிச்சு. அதான் சொல்லவுமில்ல, எழுதவுமில்ல. அது என் தப்புதான்." அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "ஆனா வெட்டுறதுக்கு முன்ன ஒரு போன் போட்டிருக்கலாம்லா."

ஜெஸ்மி அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். ஆயிரம் வண்டிகளுக்கு மேல், தவறு யார் மேல் என்று அவள் எழுதியிருக்கிறாள். இந்த வண்டிக்கு எழுத வேண்டியது ஒரே வரி என்று அவளுக்குத் தெரிந்தது. அதைக் கணவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கடையில் உட்கார்ந்தபடியே ஷாமுக்குப் போன் செய்து புகார் வேண்டாம் என்றாள். அவன் காரணம் கேட்டான். வீட்டுக்கு வா, சொல்கிறேன் என்றாள்.

ஜாபேஸ் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தான். ஷாம் நாற்காலியில் இருந்தான். ஜெஸ்மி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, வயர், கட்டர், கவரில் போட்ட தேதி வரை. ஷாம் இடையில் ஏதோ பேச வந்தான்; ஜாபேஸ் அவனைப் பார்த்த பார்வையில் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஜாபேஸ் கத்தவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

"ஒரு வாரம் எம்பக்கத்துலதான இருந்த? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவர்ட்ட நேராப் போய்க் கேட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

"கேட்டிருப்பேன். கேட்டிருந்தா என் கை நல்லாருக்கும்." பிறகு, "எம்மேலயும் இப்படி எதையாவது எழுதி வச்சிருக்கியா?" என்றான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன், பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்று அவன் தாமதமாக வந்த ஒரு நாள், அவள் அங்கே போன் செய்து விசாரித்திருந்தாள். மீட்டிங் உண்மைதான். அதையும் சொன்னாள். அவன் தலையை மட்டும் அசைத்தான். அன்று முழுதும் அவளோடு பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மீன் முள்ளை அவள் எடுத்துக் கொடுத்தபோது மட்டும், போதும் என்றான்.

மறுநாள் காலை ஜெஸ்மி அதே வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். அவளுடைய அறிக்கைகள் போலவே சுருக்கமாக இருந்தது: பாதுகாப்புக்காக இருந்த வயரைச் சந்தேகத்தால் நான் வெட்டினேன், அதனால்தான் விபத்து, கடைக்காரர் மேல் பிழையில்லை. கீழே தன் பெயரையும் சர்வேயர் என்பதையும் போட்டாள். சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், ஊருக்கெல்லாம் குறை கண்டுபிடிக்கிறவர் இவர்தானா என்று எழுதினார். அவள் அதை அழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு போன இரண்டு பேரில் ஒருவர் சுடலைக்கண்ணனிடம் திரும்பி வந்தார். மற்றவர் வரவில்லை. இதை ஜெஸ்மியிடம் சொன்னபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜெஸ்மி மன்னிப்புக் கேட்டாள். அவர் டீ சொன்னார்.

"இந்தக் காருக்கு என்ன வேலைன்னாலும் இங்கனயே கொண்டு வாங்க, மேடம்," என்றார். "என் கடை வண்டிக்கு சர்வேன்னா மட்டும், வேற ஆள அனுப்பச் சொல்லுங்க."

நியாயம்தான் என்றாள். அன்றே கம்பெனிக்கு அப்படி ஒரு கடிதமும் எழுதினாள். பிறகு வெள்ளத்து வருட ஃபைலைத் தேடி எடுத்து, அந்தக் காரின் வயரிங் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சை பிடித்த முனைகள் பழைய துருவா, வெள்ளத்து உப்புநீர் செய்ததா என்று அவளால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்போது உறுதியாக எழுதியிருந்தாள். மறுபரிசீலனைக்கு வழியிருக்கிறதா என்று கேட்டு கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் எழுதினாள்.

ஆறு வாரம் கழிந்து ஜாபேஸுக்குக் கட்டு அவிழ்த்தார்கள். மோதிர விரல் முழுதாக மடங்கவில்லை. பயிற்சி செய்தால் வரும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பு கார் நின்றது. அவன் தலையையும் முழங்காலையும் மடக்கி ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். கண்ணாடியை ஏற்றவா என்று ஜெஸ்மி கேட்டாள். ஏற்று என்றான். கண்ணாடி மேலே போய் நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.