மூன்றாவது கப்பல்

மச்சான் ஒரு காரியத்தைக் கையில் எடுத்துவிட்டால் மற்றவர்களுக்குத் தலையாட்டுகிற வேலை மட்டும்தான் மிஞ்சும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் அப்படித்தான் ஆயிற்று. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நான்கு தாள்களை ஒட்டிய வரைபடம் ஒன்றை விரித்து, மூலைக்கொரு டம்ளரை வைத்து அழுத்தினார். ஆபரேஷன் ஆன முட்டியை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டார்.

“இருபத்திரண்டு நாள். அஞ்சு நாடு. ஏர்போர்ட்ல இறங்குனதும் வாடகைக் கார். நடுவுல மூணு எடத்துல கடல் குறுக்க வருது. அங்கெல்லாம் காரோடவே கப்பல்ல ஏறிக்கலாம். வண்டி ஓட்டுறது நம்ம மாப்ளே.”

மாப்ளே என்றது தங்கையின் கணவனான லிஃப்ட் மெக்கானிக்கை. ஓட்டுகிறாயா என்று ஒரு பேச்சுக்குக்கூட அவனை யாரும் கேட்கவில்லை. மச்சானுக்கு முட்டி சரியில்லை, அவர் மனைவிக்கும் தங்கைக்கும் ஓட்டத் தெரியாது. அவன்தான் என்பது தானாகவே முடிவாகிவிட்டது.

மெக்கானிக்கின் கண் மூன்றாவது கப்பலிலேயே நின்றது. முதல் இரண்டும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். மூன்றாவதற்குப் பக்கத்தில் மச்சான் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: பதினாலு மணி நேரம், ராத்திரிப் பயணம், ஜன்னல் இல்லாத அறை.

“ஜன்னல் வேணாமா அண்ணே?” என்றாள் அவன் மனைவி.

“தூங்கப் போறோம். கண்ண மூடுனப்புறம் ஜன்னல் எதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தான். மேசைக்கடியில் அவன் உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றில், லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கித் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தரைத்தளத்து லிஃப்ட் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்கிற கொக்கி சிக்கிவிட்டது. போன் வெளியே, டூல்ஸ் பையில். கொஞ்ச நேரத்தில் கைவிளக்கும் அணைந்தது. நிறுத்தும் சுவிட்சைப் போட்டிருந்ததால் மேலே நிற்கும் லிஃப்ட் இறங்காது என்று அவனுக்குத் தெரியும். அவன் உடம்புக்குத்தான் தெரியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிறகு வாட்ச்மேன் வந்து திறந்துவிட்டார். “பயந்துட்டீங்களா?” என்று அவர் கேட்டபோது, “சேச்சே, வியர்வை” என்றான்.

அன்றிலிருந்து அவன் எந்த லிஃப்டிலும் ஏறியதில்லை. எத்தனை மாடியானாலும் படிதான். தொப்பையைக் குறைக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தான். குழி வேலை வந்தால் கூட வேலை பார்ப்பவர்களிடம் மாற்றிக்கொண்டு, அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைத் தன் தலையில் போட்டுக்கொள்வான். லிஃப்டைக் கண்டு பயப்படுகிற ஆளை எந்தக் கம்பெனி லிஃப்ட் மெக்கானிக்காக வைத்துக்கொள்ளும்?

அதனால்தான் சாப்பாட்டு மேசையில், “மச்சான், இந்த மூணாவது கப்பல விட்டுட்டு, இப்படிச் சுத்தித் தரை வழியாவே போயிடலாமே?” என்று வரைபடத்தில் விரலை ஓட்டிக் காட்டினான்.

“ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் சுத்தணும் மாப்ளே! ராத்திரி ஏறுனா காலைல அக்கரை. சும்மா படுத்துக்கிட்டே போறத விட்டுட்டு…”

வீட்டுக்குத் திரும்பினார்கள். கதவைப் பூட்டியதும் மனைவி ஆரம்பித்தாள்.

“எங்க அண்ணன் எது சொன்னாலும் அதுல ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும் உங்களுக்கு.”

“அதில்லம்மா…”

“பின்ன எது? ரெண்டு தடவ லீவு இல்லன்னீங்க. ஒரு தடவ கண்ணாடிக் கடைல எனக்கே லீவு கெடைக்கல. இந்தத் தடவயாவது வாய மூடிட்டு வாங்க.”

அவன் வாயை மூடிக்கொண்டான். அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அடுத்த வாரத்துக்குள் விமானம், கார், மூன்று கப்பல் எல்லாவற்றுக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. ஓட்டுநர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும்.

ஒருநாள் வேலையிடத்தில், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்து, டிக்கெட் போட்டுத் தந்த அலுவலகத்துக்குப் போன் செய்தான். ராத்திரி முழுக்க மேல்தளத்திலேயே உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டான்.

“தாராளமா சார். ஆனா வண்டிய கீழ கொண்டுபோய் நிறுத்திட்டுத்தான் மேல வரணும்.”

“எல்லாரும் சேர்ந்தா போவோம்?”

“இல்ல சார். மத்தவங்க முன்னாடியே எறங்கி நடந்து ஏறிடுவாங்க. டிரைவர் மட்டும் உள்ள போகணும். வண்டிய நெருக்கி நெருக்கி நிறுத்துவாங்க, கதவ முழுசாத் திறக்க முடியாது. கொஞ்சம் பொறுத்து எறங்கணும்.”

“கீழன்னா… எவ்வளவு கீழ?”

“மூணு தளம். கவலையே படாதீங்க சார், மேல வர லிஃப்ட் இருக்கு.”

முன்பாவது, அறைக்குள் போகாமல் தப்பிக்கலாம் என்ற நினைப்பு இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. காய்ச்சல் வரட்டும், கை உடையட்டும் என்றெல்லாம் வேண்டிக்கொண்டான். வேலைக்குப் போகிற வழியில் பள்ளங்களைக் கண்டால் கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று. மனைவியோ தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பயணக் கதை சொல்லிச் சொல்லி, கண்ணாடி மாட்ட வந்தவர்கள் கப்பலைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, நாலு பேருமாகக் குளிருக்குக் கோட்டு வாங்கப் பெரிய கடை வளாகம் ஒன்றுக்குப் போனார்கள். காரை நிலத்தடி மூன்றாம் தளத்தில் விடவேண்டியிருந்தது. உள்ளே போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தான். திரும்பும்போது வெளியேறும் சரிவில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் வேன், பின்னால் கார், இரண்டு பக்கமும் சுவர். கூரை கைக்கெட்டுகிற உயரம்.

“அந்தக் கறுப்புக் கோட்டையும் எடுத்திருக்கலாம்” என்று மச்சான் மனைவி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் கதவைத் திறந்தான். இறங்கினான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மூன்று பேரையும் அப்படியே விட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு சரிவில் மேலே நடந்தான். பிறகு ஓடினான்.

“மாப்ளே! ஏய், மாப்ளே!” என்ற குரலும், பின்னால் ஹாரன்களும் கேட்டன. அவன் நிற்கவில்லை.

மனைவி மூச்சிரைக்க மேலே வந்தபோது அவன் நடைபாதை ஓரத்தில், வெயிலில் உட்கார்ந்திருந்தான். கோபமாக வந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். குழி, கொக்கி, படிக்கட்டு, மூன்றாவது கப்பல்.

“ரெண்டு வருஷமா?” என்றாள். “தொப்பையக் குறைக்கிறேன்னு சொன்னது?”

“பொய்.”

“ஏங்க என்கிட்ட சொல்லல?”

“தெரிஞ்சா வேலை போயிடும்.”

“நான் உங்க கம்பெனியா?”

அதற்குள் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் காரை மேலே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். மச்சான் நொண்டிக்கொண்டே இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார்.

“ஒரு மாத்திரையப் போட்டுட்டா, தூங்கிட்டே போயிடலாம் மாப்ளே.”

“வண்டிய யாரு ஓட்டுறது, மாத்திரையா?” என்றாள் தங்கை.

இரண்டு நாள் கழித்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள். “அண்ணியோட தம்பி ஓட்ட வர்றாராம். நானும் போறேங்க. உங்கள விட்டுட்டுப் போக மனசே இல்ல. ஆனா போகாம இருந்துட்டா, பின்னாடி உங்களப் பாக்குறப்பல்லாம் எரிச்சல் வரும். அது வேணாம்.”

“போயிட்டு வா” என்றான். பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் அவர்கள் கிளம்பிய பிறகு வீடே சுருங்கிப்போய்விட்டது. கூடத்தில் கொஞ்சம், பால்கனியில் கொஞ்சம் என்று நடந்தான். எதற்கும் பயப்படத் தேவையில்லாத வீட்டுக்குள் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம், மூன்றாவது கப்பலின் மேல்தளத்திலிருந்து அவள் போன் செய்தாள். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது.

“அண்ணன் இப்பவே ரெண்டு தடவ வாந்தி எடுத்தாச்சு. பிளாஸ்டிக் பையும் கையுமா உக்காந்திருக்காரு!”

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் குரல் இறங்கியது.

“ஒண்ணு கேக்கட்டா? இன்னும் எத்தன வருஷம் படியேறப் போறீங்க?”

அவன் பதில் சொல்வதற்குள் கப்பல் கரையை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. லைன் அறுந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அறை வாசலில் போய் நின்றான். “தனியாப் பேசணும் சார்” என்றதும் அவர் எழுந்துவந்து கதவைச் சாத்தப் போனார்.

“கதவு திறந்தே இருக்கட்டும் சார். இல்லன்னா என்னால சொல்ல முடியாது.”

சூப்பர்வைசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கதவை விட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காராமல் நின்றபடியே சொல்லத் தொடங்கினான்.

வேலை போகவில்லை. டாக்டர் சரி என்று எழுதித் தரும்வரை ஃபீல்டுக்குப் போகக்கூடாது, கன்ட்ரோல் போர்டு ரிப்பேர் பிரிவில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பழகிய ஆட்கள் முகம் கொடுத்துப் பேசச் சங்கடப்பட்டார்கள். இரண்டு பேர் கேலியும் செய்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் டாக்டரிடம் போகிறான். ஆஸ்பத்திரியில் அவர் அறை ஆறாவது மாடி. இன்னும் படியேறித்தான் போகிறான். ஆனால் மனைவி கூடவே ஏறி வருகிறாள், நாலாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவனைத் திட்டிக்கொண்டு.